நண்டு வகுத்த பயணத்திட்டம்

சென்னையில் விமானம் ஏறினால் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்க ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை. மாலை நெரிசலில் தாம்பரத்திலிருந்து தி.நகர் போய்ச் சேர்வதற்குள் வெளிநாடு வந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி வெளியே வந்தால் கடைப் பலகை எல்லாம் தமிழ். நல்லூர் என்று எழுதிய ஒரு பலகையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். "விருத்தாசலம் பக்கத்து நல்லூர்தானே, அங்க என்னடா பண்றே?" என்றார் பெரியப்பா.

கோட்டை, இரவுச் சாப்பாடு, நல்லூர்க் கோயில் என்று மாலைக்கு நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். தங்கியிருந்த வீட்டு அக்கா அதை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்தார். "இண்டைக்குக் கூழ் காய்ச்சுறம் தம்பி. நண்டு திண்டிட்டுக் கோயிலுக்குப் போகேலாது. முதல்ல சாமியைக் கும்பிட்டுட்டு வாங்கோ."

ஆகவே ஓட்டோவில் ஏறினேன், முதலில் கோட்டைக்கு. போர்த்துக்கீசர் கட்டி, 1658-இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாக விரித்துக் கட்டிய கோட்டை. கொத்தளத்தில் நின்றால் பண்ணைக் கடல் முழங்கால் ஆழத்தில் பளபளக்கிறது. நீருக்குள் வரிசையாகக் கம்பு நட்டு வலை கட்டியிருந்தார்கள். வரலாற்றை விளக்குவார் என்று ஓட்டோ அண்ணனைப் பார்த்தேன். அவர் வலைகளைக் காட்டி, "உங்கட நண்டு அங்கதான் நிண்டிருக்கும்" என்றார். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி வெள்ளை வெளேரென்று பொது நூலகம். 1981-இல் அங்கே எரிந்த 97,000 நூல்களைப் பற்றி எழுத வேறு பேனா வேண்டும். நாங்களும் பேசாமல்தான் கடந்தோம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மேலாடை போனால் மனிதர் எல்லாரும் சமம் என்பார்கள். என் தொப்பை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அருச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். இலங்கை ரூபாய்! நம்மூர்க் காசில் முப்பது பைசா தேறலாம். ஏ.டி.எம். கொடுத்த ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன். சீட்டுக் கொடுப்பவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், முருகன் இருக்கும் திசையைப் பார்த்தார். பின்னால் நின்ற பாட்டி என் கையில் ஒரு நாணயத்தை வைத்து, "பிள்ளை, நேரம் போகுது" என்றார். இந்தக் கோயிலில் பூசை மணி பிசகாது. ஐயாயிரம் ரூபாய்க்காரனுக்காக நிற்குமா?

வீடு திரும்பியபோது முற்றத்தில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, புளி, கூடவே கருணையே இல்லாமல் அரைத்த செத்தல் மிளகாய். இதைப் பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் குடிக்க வேண்டும். பிளாவைக் கண்டுபிடித்தவர் விருந்தோம்பலில் கைதேர்ந்த தந்திரசாலி. அதற்குத் தட்டையான அடி கிடையாது, கீழே வைக்க முடியாது. கையில் வெறும் பிளாவோடு நிற்பவனைக் கண்டால் அகப்பை தானாக வருகிறது. மற்றக் கையில் நண்டுக் கால். மூக்கு ஒழுகுகிறது, கண் கலங்குகிறது, துடைக்கக் கை இல்லை. போதும் என்று மறிக்கவும் கை இல்லை. வாயால் சொல்லலாமே என்பீர்கள். வாய்க்குள் பலாக்கொட்டை.

"உறைக்குதோ?" என்றார் அக்கா அன்பாக. தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேனோ, இன்னொரு அகப்பை விழுந்தது.

நெருப்பணைக்க அக்காவின் மகன் நல்லூர்ப் பக்கம் ரியோ ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிப்போனான். திருநீற்று நெற்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நாக்கு மறுபடி என்னுடையதாகும்வரை சாப்பிட்டேன். ஒன்பது மணிக்குத் திரும்பிப் படுக்கையை நோக்கி நடந்தவனை அக்கா மறித்தார்.

"எங்க போறியள்? கூழ் தண்ணிதானே தம்பி, வயித்தில நிக்காது. புட்டும் கணவாய்க் கறியும் ஆறுது, வாங்கோ."