மலையேறப் போற மக்களுக்கு

எலே மக்கா, எல்லாரும் இப்படிக் கிட்ட வாங்க. நம்ம பங்கு இளைஞர் குழு வர்ற சனிக்கிழமை மலை ஏறப் போகுதுன்னு பூசை முடியவும் அறிவிப்பு வாசிச்சாவ. இமயமலையோன்னு ஒரு நிமிசம் பதறிட்டேன். விசாரிச்சா, பரங்கிமலையாம்! மயிலாப்பூர்ல ஏறுனா, வேன்ல ஏசி குளுருமுன்ன கிண்டி வந்துருமே.

மலை 300 அடி. எங்க ஊர்ல பனையேறி விடியக்காலம் முப்பது பனை ஏறி எறங்குவான். ஒண்ணு நாப்பது அடின்னு வச்சாலும் 1,200 அடி. நீங்க பல்லு வெளக்குமுன்ன நாலு பரங்கிமலை! அவன் கொண்டு போறது என்ன? இடுப்புல அருவாப் பெட்டி, கூட ஒரு கலயம். நீங்க கட்டி வச்சிருக்கதையும் பாத்தேன். ஆளுக்கொரு முதுகுப்பை, பாண்டி பஜார்ல வாங்குன புது ஷூ, மைக்கு, ஸ்பீக்கரு, குழு பேரு போட்ட பேனரு. பேனரப் பிடிக்கதுக்குன்னே ரெண்டு பேராம்.

பாரம் என்ன பாடு படுத்தும்னு லாம்டன் துரையக் கேட்டாத் தெரியும். 1802 ஏப்ரல்ல இந்த மலைப் பக்கந்தான் சங்கிலி போட்டு நெலத்த அளக்க ஆரம்பிச்சாரு. ஏழரை மைலு, 57 நாளு. நமக்கெல்லாம் ஏழரை வருசமா வாரது, துரைக்கு மைலா வந்துருக்கு. பெறவு கோணம் அளக்கதுக்கு தியோடலைட்டுன்னு ஒரு கருவி, அரை டன் எடை. அதத் தூக்கிக்கிட்டு ஊரூரா அலைஞ்சாரு. 1808ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்து மேல ஏத்தும்போது கயிறு அறுந்து, செவத்துல மோதி நெளிஞ்சு போச்சு. வாரக்கணக்கா உக்காந்து அவரே தட்டி நிமித்துனாரு. அந்த அளவையப் பிடிச்சுக்கிட்டே போயித்தான், அவருக்குப் பெறவு வந்தவங்க 1852ல எவரெஸ்ட்டுதான் ஒசரம்னு கணக்குப் போட்டாவ. ஆக, நான் இமயமலைன்னு பதறுனதுலயும் ஒரு ஞாயம் இருக்கு.

படி நூத்துச் சொச்சம். பெத்ருஸ் உஸ்கான்னு ஒரு அர்மீனிய வியாபாரி கட்டுனது. 1726ல சைதாப்பேட்டை ஆத்துக்குப் பாலம் போட்டவரும் அவருதான். ஏறும்போது வேர்க்குதுன்னு பொலம்பாதிய. மேல பீடத்துல ஒரு கல்லுச் சிலுவை இருக்கு. போர்த்துக்கீசியர் 1547ல கோயில் வேலைக்குத் தோண்டும்போது கெடச்சது. சுத்தி பழைய பாரசீக எழுத்து. 1558ல அந்தக் கல்லே வேர்த்துச்சுன்னு சொல்லுதாவ. உங்களுக்கு வேர்த்தா என்ன கொறைஞ்சு போச்சு? அந்தச் சிலுவைக்கு முதுகக் காட்டிக்கிட்டு வரிசையா நின்னு படம் எடுக்காதிய. கொஞ்சம் திரும்பி, கண்ணாலயும் பாருங்க.

தோமையாரு கதை உங்களுக்குத் தெரியாததா? சாந்தோம்ல கல்லறை, சின்னமலையில ஒளிஞ்ச குகை, இந்தப் பெரிய மலையில கி.பி. 72ல ஈட்டி பாஞ்சதுன்னு வழிவழியாச் சொல்லுதாவ. அவரு இயேசுவோட காயத்துல வெரல வச்சுப் பாத்துத்தான் நம்புவேன்னாரு. நீங்க வெரல வைக்கது ஃபோனுல மட்டுந்தான்.

அதனால சொல்லுதேன், ஏறுதவனுக்குப் பாரம் ஆகாது. ஸ்பீக்கரு வீட்டுல கெடக்கட்டும். ஜெபமாலைய மட்டும் சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கைய வீசிக்கிட்டு ஏறுங்க. அந்தத் தக்காளிச் சோத்துப் பொட்டலம், அவிச்ச முட்டை, கோழி வறுவல் தூக்கு, அதெல்லாம் எங்கிட்ட குடுத்துருங்க.

என்ன தாயி முழிக்கே? "முட்டி வலிக்குது, வரலன்னு சொன்னீங்களே தாத்தா"ங்கியா? வலிக்கத்தான் செய்யுது. அதுக்குத்தான மலை உச்சி வரைக்கும் ரோடு போட்டு வச்சிருக்காவ! நான் ஆட்டோவுல முன்னால போயி மர நெழல்ல உக்காந்திருப்பேன். சந்தேகப்படுததெல்லாம் தோமையாரோட போகட்டும். நீங்க அவசரப்படாம வாங்க. படிய ஒண்ணு விடாம எண்ணுங்க மக்கா. மேல வந்து பொட்டலத்த மட்டும் எண்ணாதிய.