கிளிவெட்டியில கிளிக்கு என்ன பஞ்சம்?

வா மனே, இந்தக் கதிரையில இரு. போனை எப்பன் தள்ளிப் பிடி, கிட்ட வச்சா எனக்குக் கண் தெரியாது. என்ன இது? சாம்பல் நிறக் கிளி, வால் மட்டும் சிவப்பு. ஆபிரிக்காக் கிளியோ? இதுக்கோ இவ்வளவு நாளும் காசு சேத்தாய்?

நீ பிறந்த ஊரின்ர பேர் என்ன? கிளிவெட்டி. வேளாண்மை கதிர் முத்துற காலத்தில வயலுக்கு வந்து பார். பச்சைக்கிளி பட்டாளமா இறங்கிக் கதிரைக் கத்தரிச்சுக்கொண்டு போகும். நாங்கள் விடியமுதல் தகரம் தட்டித் தொண்டை கிழியக் கத்திக் கலைக்கிறம். தாத்தா கலைச்ச சாதியைப் பேரன் காசு குடுத்துக் கூப்பிடுறான். உலகம் முன்னேறிட்டுதாம்!

சரி, வாங்கு. நான் மறிக்கேல்ல. ஆனா மாடு வாங்கப் போறவன் என்ன செய்வான்? பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான். சுழி பார்ப்பான். பட்டியில இடமிருக்கோ, கோடையில புல்லிருக்கோ எண்டு யோசிப்பான். நீ என்னத்தைப் பார்த்தாய்? வீடியோ பார்த்தாய்.

முதல் அதின்ர ஆயுசைக் கேள். நல்லா வளர்த்தா அந்தச் சாம்பல் கிளி 40, 50 வருசம் இருக்கும். உனக்கு இப்ப 24. நீ பென்சன் எடுத்த பிறகும் அதுக்குப் பழம் வெட்டவேணும். மகளுக்குச் சீதனத்தில எழுதுவியோ? வாற மருமகன் காணியோட கிளியையும் கேப்பானோ?

மறுகா அதின்ர மூளையைக் கேள். அமெரிக்காவில ஐரீன் பெப்பர்பேர்க் எண்ட ஆராய்ச்சிக்காரி 1977 இல கடையில ஒரு சாம்பல் கிளி வாங்கினா. பேர் அலெக்ஸ். 100 சொல்லுக்கு மேல படிச்சுது. நிறம் சொல்லும், 6 வரைக்கும் எண்ணும். 2007 இல செத்துது. சின்னப்பிள்ளையின்ர புத்தியாம். அப்பிடிப்பட்ட சீவனைக் கூட்டில பூட்டிப்போட்டு நீ காலமை திருகோணமலைக்கு வேலைக்குப் போய்ப் பொழுதுபட வாறாய். அது என்ன செய்யும்? தனிமை தாங்காம தன்ர இறகைத் தானே பிடுங்கும். மொட்டைக் கிளியோட செல்பி எடுப்பியோ?

கடதாசி இருக்கோ? காட்டில பிடிச்ச சாம்பல் கிளியை நாடு விட்டு நாடு விக்கிற யாவாரம் 2017 இல இருந்து தடை. எங்கட நாட்டுக்குள்ள இப்பிடிச் சீவன்களைக் கொண்டுவர வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி வேணும். காணி வாங்கக்குள்ள உறுதியைத் தலைகீழாப் பிடிச்சும் பார்க்கிற சாதி நாங்கள். உயிர் வாங்கக்குள்ள மட்டும் ஒண்டும் பாக்கிறேல்லையோ? “பைக்குள்ள வந்தது, மலிவு” எண்டு ஒருத்தன் சொன்னா, பைக்குள்ள எத்தினை செத்தது எண்டு கேள்.

உன்ர கூட்டாளி கொழும்பில சைபீரியா நாய் வச்சிருக்கிறான் எண்டாய். பனியில வண்டில் இழுத்த சாதி அது. உடம்பில ரெண்டடுக்கு மயிர். கச்சான் காத்து அடிக்கக்குள்ள எங்கட நாயே கிணத்தடியை விட்டு எழும்பாது. அதுக்கு ஏசி போடுறாங்களாம். நல்லம். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அண்டைக்கு ஆர் விசிறினது?

காதோரம் சிவந்த அமெரிக்க ஆமைக்குஞ்சும் வாங்குறாங்கள். வாங்கக்குள்ள காசளவு. வளர்ந்தா சோத்துக் கோப்பையளவு, ஒரு அடி வரைக்கும் போகும். தொட்டி காணாது, தண்ணி நாறும். பேந்து என்ன, இரவோட இரவாக் குளத்தில விடுறது. அதுக்குப் பேர் புண்ணியமாம்! கொலம்பியாவில பாப்லோ எஸ்கோபார் எண்ட போதைமருந்து முதலாளி 1980களில தன்ர பண்ணைக்கு 4 நீர்யானை இறக்கினான். 1993 இல ஆளைச் சுட்டாங்கள். நீர்யானை நிண்டிட்டுது. இப்ப அங்கத்தை ஆத்தில 100க்கு மேல. மாவலி கங்கையில ஏற்கெனவே முதலை இருக்கு மனே, அது காணும்.

சிரிக்கிறாய். நானும் கிளி வளர்த்தவன்தான். சின்னனில பனம்பொந்தில கையை விட்டு ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு எடுத்தன். விறாந்தையில கூடு. பக்கத்தில ஐயாவின்ர சாக்குக் கட்டில். அவருக்குத் தொய்வு, பொழுதுபட்டா இருமல் தொடங்கும். நான் “அக்கா, அக்கா” எண்டு வாய் நோகப் பழக்கினன். கிளி பழகினது இருமல். முதல்ல முசுப்பாத்தியாத்தான் இருந்தது, ஐயாவே சிரிப்பார்.

அந்த மாரியில ஐயா போயிட்டார். கிளி போகேல்ல. விளக்கு வைக்கிற நேரம் கட்டில் பக்கத்தில இருந்து அதே இருமல். அம்மா பழக்கத்தில சுடுதண்ணிச் செம்போட ஓடி வந்து, கட்டிலைப் பார்த்துப்போட்டு நிப்பா. எட்டாம் நாள் கூட்டைத் திறந்து விட்டா. அதுக்குப் பறக்கத் தெரியேல்ல. வேலியடியில பூனை பிடிச்சுது.

பிழை கிளியில இல்லை, பொந்தில கை விட்டவனில. அதுதான் கேக்கிறன்: 50 வருசத்துக்குச் சோறு போடுவியோ? உன்ர குரலை அது ஆருக்குச் சொல்லும் எண்டு யோசிச்சியோ? பதில் இருந்தா வாங்கு. இல்லாட்டி அந்தப் போனைப் பைக்குள்ள வை.

அவ்வளவு கிளி ஆசையெண்டா நாளைக்கு விடியக்காலமை நாலரைக்கு எழும்பி வயலுக்கு வா. நூறு கிளி காட்டுறன், ஒரு சதம் வேணாம். தகரம் மட்டும் நீதான் தட்டவேணும்.