முத்தை விட்டுச் சோற்றைப் பாடிய பாண்டியன்

கேள்வி: வேலை, கடன், சமையல் என்றே நாள் ஓடிவிடுகிறது. பிள்ளைகளைப் பார்த்தே சந்தோஷமாக இருக்கலாம் என்கிறார்களே, நடக்கிற காரியமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: நடக்கும். சாட்சி ஒரு பாண்டிய மன்னர்!

உங்கள் மாவட்டத்துக் கொற்கைதான் பாண்டியரின் முத்துத் துறைமுகம். முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான 'பெரிப்ளூஸ்', அங்கே தண்டனைக் கைதிகளை இறக்கி முத்தெடுத்ததாகச் சொல்கிறது. அந்த முத்துக்கெல்லாம் உரிமையுள்ள குலத்தில் வந்த பாண்டியன் அறிவுடை நம்பி, புறநானூற்றின் 188ஆம் பாட்டில் எதைக் கொண்டாடுகிறார் தெரியுமா? குட்டி அடி வைத்து வரும் பிள்ளை, தட்டில் கைவிட்டு, நெய்ச்சோற்றை அள்ளி, கடித்து, துழாவி, மேலெல்லாம் பூசிக்கொள்வதை! எத்தனை பேரோடு உண்ணும் செல்வர் ஆனாலும், இந்த மயக்கும் பிள்ளைகள் இல்லாவிட்டால் வாழ்நாளில் பயனில்லை என்கிறார். பெற்றவர்களுக்கு மட்டும் என்று அதைச் சுருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சோறு இறைத்தாலும் அழகுதான்.

உங்கள் ஊர்க் கடலில் அரசாங்கம் நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. முத்துநகர் கடற்கரையில் உடைந்த சிப்பி ஒன்று அகப்பட்டாலே கூவிக்கொண்டு ஓடிவருகிறார்கள். அப்போது செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சிப்பியை வாங்கிப் பாருங்கள். மன்னர் செய்ததும் இவ்வளவுதான்: நின்று, விடாமல் பார்த்தார்.

ஜூலை 26-இல் உங்கள் ஊர்ப் பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே திருவிழா. ராட்டினத்துக்கு அடம்பிடிக்கும் பிள்ளையோடு நீங்களும் ஏறிவிடுங்கள்.