பரணிலிருந்து வந்த தகப்பன்

2016இல் வில்கமுவப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தேன். சாதாரண தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுக்க நான்கு பிள்ளைகள் முன்வந்தார்கள். அந்த ஊருக்கு அது பெரிய எண்ணிக்கை. பாடத்திட்டத்தில் இருந்த நாவல்களில் ஆர்.கே. நாராயணின் 'தி வெண்டர் ஒஃப் ஸ்வீட்ஸ்'ஐத் தெரிவுசெய்தோம். மிட்டாய்க்கடை ஜகன் காந்தி வழியில் நூல் நூற்கும் மனிதர். அவருடைய மகன் மாலி அமெரிக்காவிலிருந்து கிரேஸ் என்ற பெண்ணோடு வந்திறங்குகிறான். இருவருக்கும் கல்யாணமே ஆகவில்லை என்பது பிறகுதான் தகப்பனுக்குத் தெரியவருகிறது.

அந்தப் பகுதியைப் படித்த மறுநாள் காலை ஒரு மாணவியின் தகப்பன் வந்தார். வஸ்கமுவக் காட்டு யானைகளுக்காக இரவெல்லாம் வயல் பரணில் விழித்திருந்த கண்கள். சாரத்தில் சேறு காயவில்லை. சிங்களத்தில் கேட்டார்: "மிஸ், கல்யாணம் கட்டாமல் சேர்ந்திருக்கிறதையா இங்கிலிஷ் பாடத்தில படிப்பிக்கிறீங்க?"

பரீட்சைக்கு உரிய புத்தகம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. "இருங்க ஐயா" என்று மரத்தடி வாங்கில் உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதையை முதலிலிருந்து சொன்னேன். மகனிடம் நேரே பேசப் பயந்து, ஒன்றுவிட்ட உறவினர் ஒருவர் மூலமே ஜகன் சேதி விசாரிக்கிற இடம் வந்ததும் அவர் என்னை நிறுத்தினார்.

"பெத்த பிள்ளையிடம் நேரா கேட்க ஏலாதா அந்த மனுசனுக்கு?"

அவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் மகளை வகுப்பிலிருந்து எடுக்கவில்லை. மிச்சக் கதையைத் தனக்கும் சொல்லவேண்டும் என்றார். இன்னும் மூன்று தடவை வந்தார். பிறகு அறுவடை தொடங்கிவிட்டது.

2026 ஜனவரியில் அவரே போன் எடுத்தார். பேரன் தரம் 6க்குப் போகிறான். "அந்த இங்கிலிஷ் புத்தகத்தில கெட்டது இருக்காமே, மிஸ்?" புத்தகத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. புதிய கல்விச் சீர்திருத்தத்துக்காகத் தயாரித்த ஆங்கில மொடியூலில், பிள்ளைகள் போகக்கூடாத ஓர் இணையத்தளத்தின் பெயர் அச்சாகியிருந்தது. புத்தகம் பிள்ளைகளின் கைக்கு வர முன்பே அந்தச் செய்தி வட்ஸ்அப்பில் ஊருக்கு வந்துவிட்டது.

இந்த முறை கதை சொல்லிச் சமாதானப்படுத்த எனக்கு வழியில்லை. பதினொரு வயதுப் பிள்ளை அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டியவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். எனக்கும் கோபம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை என்னைத் தூங்கவிடவில்லை. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் முறைப்பாடு. தேசிய கல்வி நிறுவகத்தின் பணிப்பாளர் நாயகம் பதவியிலிருந்து விலகி நின்றார். கல்வி அமைச்சைக் கையில் வைத்திருந்த பிரதமர் ஹரிணி அமரசூரிய மீது கேட்கக் கூசும் வசைகள். கடைசியில் தரம் 6 சீர்திருத்தமே 2027க்குத் தள்ளிப்போனது. மற்றப் பக்கங்களில் என்ன இருந்தது என்று எனக்கு வந்த நூற்றுக்கணக்கான செய்திகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கொழும்பில் சர்வதேசப் பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்கு இதனால் ஒரு நாளும் நட்டமில்லை. வில்கமுவப் பிள்ளைக்கு அரசாங்கம் தரும் இலவசப் புத்தகம்தான் வீட்டிலிருக்கும் ஒரே ஆங்கிலம். 1980இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில்தான் நானும் படித்தேன்.

அன்று போனில் அவரிடம், புத்தகம் வந்ததும் ஒரு சனிக்கிழமை வருகிறேன், பெற்றோரைக் கூப்பிட்டு வையுங்கள், பக்கம் பக்கமாக வாசிப்போம் என்றேன். சரி என்றார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"மிஸ், அந்த மிட்டாய்க்காரர் கடைசியில என்ன செய்தார்?"

வீட்டை விட்டுப் போய்விட்டார் என்றேன். போகும்போது, அந்தப் பெண் தன் நாட்டுக்குத் திரும்ப விரும்பினால் விமான டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதை மகளும் சொல்லல்லையே" என்றார்.