பேசினால் பயம் போகுமா?

கேள்வி: மகளுக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம். கவுன்சலிங் போகச் சொல்கிறார்கள். பேச்சுதானே? வீட்டில் நானே இலவசமாகப் பேசுகிறேனே!
– ஒரு தாய், ஜார்ஜ் டவுன்

பதில்: வீட்டில் நீங்கள் பேசுகிறீர்கள் அம்மா; அங்கே அவள் பேசுவாள். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பதற்றம் உள்ள 488 பிள்ளைகளைப் பார்த்தது. பேச்சு சிகிச்சையில் தேறியவர்கள் சுமார் 60 விழுக்காடு. மருந்தும் சேர்ந்தபோது 81. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 24. ஆனால் அந்தச் சிகிச்சையில் பேச்சு பாதிதான். பயந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்க்க வைப்பதில்தான் சூட்சுமம், தண்ணீர்மலைக் கோயில் படி ஏறுகிற மாதிரி. நாசி கண்டார் கடையில் அவளே ஆர்டர் கொடுப்பது முதல் படியாக இருக்கலாம். கடைக்காரர் “குழம்பு பஞ்சிரா?” (சோறு மூழ்க ஊற்றவா?) என்று கேட்டால், தயவுசெய்து பின்னாலிருந்து நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.