கமகம் தெரிந்த ஊர்

கேள்வி: எலெக்ட்ரானிக் இசைக் கலைஞர் ஆர்க்கா ஆணா, பெண்ணா? அவரை எப்படிக் குறிப்பிடுவது?
– ஒரு ரசிகை, மயிலாப்பூர்

பதில்: கேள்வியிலேயே விடையைச் சொல்லிவிட்டீர்கள்: ‘அவர்’! எல்லோருக்கும் ஒரே மரியாதை தரும் சொல்லைத் தமிழ் என்றோ செய்துவைத்துவிட்டது.

1989-ல் வெனிசுவேலாவின் கராகஸில் பிறந்த ஆர்க்கா, ஆண்-பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்காத திருநங்கை. 2015-ல் பாடகி பியோர்க்கின் ‘வல்னிகுரா’ ஆல்பத்தை அவரோடு சேர்ந்து தயாரித்தார். 2020, 2021-ல் ‘கிக்’ வரிசையில் 5 ஆல்பங்கள் தந்தார். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரும் திருநங்கைதான். ‘மூக்’ என்ற சிந்தசைசரில் இசைமேதை பாக்கின் இசையை வாசித்த வெண்டி கார்லோஸின் 1968 ஆல்பம் 3 கிராமி விருதுகள் வென்றது.

கட்டங்களுக்குள் அடங்காமல் இருப்பது மயிலாப்பூருக்குப் புரியாத சங்கதியா என்ன? தோடி ராகத்தின் காந்தாரத்தை ஹார்மோனியத்தின் ஒரு கட்டையில் நிறுத்திக் காட்ட முடியுமா? ஸ்வரங்களுக்கு நடுவே அசையும் கமகத்துக்குத்தானே மார்கழி முழுக்கத் தலையாட்டுகிறோம்! இசையை விட்டுச் சட்டத்துக்கு வந்தால், தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றமும் 2014-ல் உறுதி செய்துவிட்டது.

அடுத்த ஆர்க்கா அடையாறில் ஹெட்ஃபோனும் லேப்டாப்புமாக உட்கார்ந்திருக்கலாம். சந்தித்தால் “நீங்க ஆணா, பெண்ணா?” என்று கேட்காதீர்கள். “புதுசா என்ன பண்ணியிருக்கீங்க, கேட்கலாமா?” என்று கேளுங்கள்.