ஒற்றிக்குப் போன வளவு

யாழ்ப்பாணத்தானுக்குக் காணி என்றால் உயிர். பக்கத்து வளவுக்காரன் எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டால் போதும். நொத்தாரிசு, நில அளவையாளர், அப்புக்காத்து என்று வழக்கு, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும். காணி உறுதியில் ஒழுங்கை என்று வரவேண்டிய இடத்தில் வாய்க்கால் என்று வந்துவிட்டால் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

அந்த ஊரில் பிறந்த பதினொரு பேர், நானும் அதில் ஒருவன், பத்து வருடம் எழுதிய நிரல் முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவரின் வளவில் கொண்டுபோய் வைத்தோம். அதற்கான நிபந்தனைகளை வாசித்தவர் யார் என்று கூட்டத்தில் கேட்டேன். சூமில் பதினொரு பேரும் மைக்கை மூடிக்கொண்டிருந்தோம்.

எங்கள் செயற்றிட்டம் பெரிய மலை அல்ல. ஈழத்துத் தமிழுக்கு ஒரு சொல்திருத்தி. மற்றத் திருத்திகள் 'கதைக்கிறியள்' என்று எழுதினால் சிவப்புக் கோடு போடும், அந்தக் கோபத்தில் தொடங்கியது. இருப்பது கிட்ஹப்பில், நிரலை வைத்துப் பகிர்கிற இணையத் தளத்தில். அங்கிருந்து வேறிடத்துக்குப் போவதா, இருப்பதா என்று பதினான்கு மாதமாகக் கதைக்கிறோம். கொக்குவில், ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ நாலுக்கும் பொருந்துகிற நேரம் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வாய்க்கும். அதிலும் முதல் அரைமணி "கேக்குதோ? கேக்குதோ?" என்பதில் போய்விடும்.

ஒற்றி என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். காசை வாங்கிக்கொண்டு காணியைக் கொடுப்பது. காசு தந்தவர் வட்டிக்குப் பதிலாக விளைச்சலை எடுப்பார். முதலைத் திருப்பினால் காணி மீளும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஏற்றிய எங்கள் வழமைச் சட்டமான தேசவழமை இதை அறியும். கிட்ஹப்புக்கு நாங்கள் கொடுத்ததும் ஒற்றிதான். ஆனால் காசு வாங்கவில்லை. 'இலவசம்' என்ற சொல்லைத்தான் வாங்கினோம்.

விளைச்சலைக் கேளுங்கள். பொதுவில் திறந்து கிடந்த நிரல்களைத் தின்று வளர்ந்த, நிரல் எழுதித் தரும் கிட்ஹப்பின் செயற்கை நுண்ணறிவு கோபைலட் 2021 யூனில் தலை காட்டியது. 2022 யூனில் மாதம் 10 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அந்த யூனில் ஒரு டொலர் 360 ரூபாயளவில் நின்றது. எங்கள் பெடியள் பெற்றோல் வரிசையில் படுத்து எழும்பினார்கள். மாமரம் எங்கடை, மாங்காய் அவையின்ரை, ஊறுகாய்ப் போத்தலுக்கு 3,600 ரூபாய் கொடுக்கவேண்டியிருந்ததும் நாங்கள். "திறந்த மூலம் எண்டால் ஆரும் எடுக்கலாம்தானே அண்ணை" என்றான் ஒரு தம்பி. எடுக்கலாம். எழுதியவர் பெயரை மட்டும் விட்டுவிடாதே என்று பெரும்பாலான உரிமங்கள் கேட்கின்றன. ஊறுகாயான பிறகு எந்த மரம் என்று யார் பார்ப்பது? அந்தக் கேள்வியோடு 2022 நவம்பரில் கலிபோர்னியாவில் சிலர் வழக்கு வைத்தார்கள். எல்லைக் கதியாலுக்கு வழக்கு வைக்கும் எங்கள் ஊரில் அதை ஒரு செய்தியாகக்கூட வாசித்தவரில்லை.

தேசவழமையில் இன்னொன்றும் உண்டு. பங்குக் காணியை அயலானுக்கு விற்கமுன் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும், வாங்குகிற முதல் உரிமை அவனுக்கு. 2018இல் மைக்ரோசொஃப்ட் 750 கோடி டொலர் பெறுமதியில் கிட்ஹப்பை வாங்கியபோது உலகம் முழுக்க இருந்த பங்காளிகளில் யாருக்கு அறிவித்தல் வந்தது? பங்காளி என்று எங்களை நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்களின் கணக்கில் நாங்கள் மேயவிட்ட மாடு. திறந்த மூலத்தின் வீடு என்று பெயர்ப்பலகை, அந்த வீட்டின் சொந்த நிரலோ இன்றைக்கும் மூடித்தான் கிடக்கிறது.

போகவேண்டும் என்பவர்களும் பல திசை. ஒருவருக்குக் கோட்பேர்க். பெர்லினில் உறுப்பினர்கள் நடத்துகிற, இலாபம் பார்க்காத சங்கம். 2025 நவம்பரில் சிக் நிரல்மொழிக்காரர் அங்கே நகர்ந்தார்கள். "ஜேர்மன்காரன் நன்கொடையில நடத்திறான், நாளைக்கு நிப்பாட்டினா?" என்று லண்டன் அண்ணை கேட்டார். காசுள்ளவன் நிப்பாட்டவில்லையாக்கும்! கிட்ஹப்பைப் போல நிரலுக்கு இடம் கொடுத்த கூகிள் கோட் 2016இல் படுத்தது. மைக்ரோசொஃப்டின் சொந்தப் பிள்ளை கோட்பிளெக்ஸ் 2017இல் போனது. பிற்பக்கெற் 2020இல் மெர்க்கூரியல் கருவியில் பேணிய களஞ்சியங்களைத் தூக்கி வீதியில் வைத்தது. லண்டன் அண்ணை இதற்கு வாய் திறக்கவில்லை. அவருக்குக் கவலை எல்லாம் நட்சத்திரங்கள். கிட்ஹப்பில் பிடித்தவர்கள் குத்திவிட்டுப் போனதில் எங்களுக்கு 214 நட்சத்திரம் விழுந்திருக்கிறது, கொண்டுபோக ஏலாது. திரையில் மின்னுகிற நட்சத்திரத்துக்காகப் பிறந்த மண்ணை விடமாட்டேன் என்று அழாத குறை.

ஒஸ்லோக்காரருக்கு இனமானம். "எங்கட மண்ணில எங்கட சேர்வர்." கேட்க நெஞ்சு நிமிர்கிறது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டிய மண் இது. அந்தப் பெட்டியை எந்த வீட்டு மேசையில் வைப்பது, நடுச்சாமத்தில் விழுந்தால் எழுப்பிவிடுவது யார் என்று கேட்டேன். "இளைஞர்கள் முன்வர வேண்டும்" என்றார். அவர் முப்பது வருடமாக முன்வந்துகொண்டிருக்கிறவர், ஒஸ்லோவிலிருந்து.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறோர் இடத்தில். 2019 யூலையில் ஈரான், சிரியா, கிரைமியாவில் இருந்தவர்களின் தனிப்பட்ட களஞ்சியங்களுக்கு அமெரிக்கத் தடைச் சட்டத்தின் பேரில் கிட்ஹப் பூட்டுப் போட்டதைச் சொன்னேன். ஈரானுக்கு 2021இல்தான் அனுமதி வாங்கித் திறந்தார்கள். "அது அவையின்ர பிரச்சினை" என்றார் எங்கள் தலைவர். இவர் 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து ஏ லெவல் எடுத்தவர். பென்ரோச் பற்றறிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் கொழும்பில் யாரோ பட்டியல் போட்டு யாழ்ப்பாணத்துக்குப் போகவிடாமல் மறித்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர். எங்கேயோ ஒரு கந்தோரில் இருக்கும் பட்டியலில் உன் ஊரின் பெயர் ஏறினால் உன் வாழ்க்கை என்ன ஆகும் என்பதை இவருக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது!

நகர்வதற்குப் பயமா எங்களுக்கு? 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமமே மழைக்குள் செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தது. யாரும் வாக்கெடுப்பு வைக்கவில்லை. அப்பா சட்டிபானையை விட்டார், மாட்டை அவிழ்த்துவிட்டார். உறுதிகளையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டார். எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த மனுசனுக்குத் தெரிந்திருந்தது. கணினியைத் தொட்டும் பார்க்காதவர்.

கிட்ஹப்பின் அடியில் இருக்கும் கருவியான கிட் பிறந்ததும் இருந்த இடத்திலிருந்து எழுப்பிய கதைதான். லினக்ஸ் கேர்ணல்காரர் நிரலின் வரலாற்றைப் பேணும் பிற்கீப்பர் என்ற கருவியை இலவசமாகப் பாவித்தார்கள். 2005இல் அந்த இலவசத்தை நிறுவனம் பறித்தது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் ரோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். ஒவ்வொருவரின் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும்படி எழுதினார். ஒருவனை நம்பி இராதே என்பதற்காகப் பிறந்த கருவியை எடுத்து, உலகமே ஒருவனின் வாசலில் போய் இருக்கிறது. நிரலும் வரலாறும் ஒரு கட்டளையில் கைக்கு வரும். வராதது இஸ்யூக்களும் அவற்றின் கீழ் நடந்த விவாதங்களும். 'பேந்து' என்ற சொல்லை ஏன் சேர்த்தோம், 'நாவற்குழி'யில் றகரத்தை ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்று இரவிரவாகச் சண்டை பிடித்ததெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. அதையும் இறக்கலாம். கோட்பேர்க்கின் இறக்குமதிப் பொறி எடுத்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை வேலை.

"அப்ப கடைசியா முழுப்படி எடுத்து வைச்சிருக்கிறது ஆர்?" என்று கேட்டேன். ஒருவர் மடிக்கணினி மாற்றிவிட்டார். ஒருவருக்கு இடம் காணாமல் அழித்தாயிற்று. தலைவர் "அதுதான் மேல இருக்குதே" என்று வானத்தைக் காட்டினார். திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தியிடம் மட்டும் இருந்தது. போன வருடத்தது.

1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள். வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அதற்குள் போயின. எரித்தவனின் பழி எரித்தவனுக்கு, அதில் ஒரு துளியும் குறையாது. அந்தச் சாம்பலுக்குப் பிறகு வந்த நூலகம் செயற்றிட்டக்காரர் 2005இல் கிடைத்த புத்தகத்தையெல்லாம் மின்னூலாக்கி வலையில் ஏற்றத் தொடங்கினார்கள். நாங்களோ வருடா வருடம் முகநூலில் மெழுகுதிரி கொளுத்திப்போட்டு, எங்கள் சொந்த எழுத்தின் ஒரேயொரு முழுப்படியை அமெரிக்க நிறுவனம் ஒன்றின் தயவில் விட்டிருக்கிறோம். இதை எரிக்க ஒருவரும் நெருப்புப்பெட்டியோடு வரத் தேவையில்லை. நிபந்தனைகளில் ஒரு பந்தியை மாற்றினால் சரி.

ஒருவழியாக, படியெடுப்போம் என்று தீர்மானம் வந்தது. வந்ததும் தலைவர் திறப்பைத் தேடினார். முதன்மைக் கணக்கு 2014இல் கனடா போன அண்ணையின் பெயரில். இரண்டாம் கட்டக் குறியீடு அவருடைய பழைய சிம்முக்கு வரும். அவருக்கு எழுதினோம். "தம்பி, அந்தச் சிம் எப்பவோ செத்துப்போச்சு" என்று பதில் வந்தது. படியெடுக்கத் திறப்பு வேண்டாம், பொதுவில் கிடப்பதை யாரும் எடுக்கலாம் என்றேன். "எண்டாலும் ஒரு முறை இருக்கெல்லே" என்றார்கள். உபகுழு அமைக்கப்பட்டது.

அடுத்த கூட்டம் 2026 மே 31, ஞாயிறு. நிகழ்ச்சிநிரல் வந்துவிட்டது. முதலாவது, நூலக எரிப்பின் 45ஆம் ஆண்டு நினைவாக இரண்டு நிமிட அகவணக்கம். இரண்டாவது, இலச்சினையின் நிறம். படியெடுப்பது மூன்றாவது, நேரமிருந்தால்.